அக்கி எழுதிய கை

முனீஸ்வரி இருமலைச் சிரிப்பாக மாற்றத் தெரிந்தவள். தொண்டையில் கமறிக்கொண்டு வரும்போதே முந்தானையை வாயில் வைத்து, யாரோ வேடிக்கை பேசிவிட்டது போலத் தோளைக் குலுக்குவாள். ராஜபாளையம் பக்கத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து துணி சுருட்டுகிறவர்கள். ரொம்ப நாளாக அவளைச் சிரிப்புக்காரி என்றே நினைத்திருந்தேன். "ஏட்டி, என்னத்துக்கு இந்தச் சிரிப்பு? எனக்கும் சொல்லேன்" என்று கேட்டால் கையை ஆட்டிவிடுவாள். எங்கள் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்கு இருமாத ஆளே கிடையாது. எல்லோரும் வாய்விட்டு இருமுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் சிரித்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கத்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், செட்டியார்பட்டியில் பிறந்த வீட்டில் இருந்தபோது, அவளுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கினாள். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகும். பொதுக் கழிப்பறையில் யாரோ பார்த்துவிட்டுக் கேட்க, அவள் அம்மா வாய் கூசாமல் "காமாலை" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஊரறியக் கீழாநெல்லி வேறு அரைத்துக் கொடுத்தாள். மகள் மாத்திரையையும் விழுங்கினாள், கீழாநெல்லியையும் விழுங்கினாள். நோய் சுத்தமாகப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். "கட்டிக்கிட்டுப் போற வீட்டுல இதப் பத்தி மூச்சு விடப்படாது" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கித்தான் அம்மா அவளை மம்சாபுரத்துக்கு அனுப்பினாள்.

மம்சாபுரம் வீடு அவள் நாத்தனார் சுடலையம்மாளுடையது. சுடலையம்மாள் சின்ன வயதில் புருஷனை இழந்து, வாசலில் இட்லி அவித்து விற்றுத் தம்பி சமுத்திரத்தை ஆளாக்கியவள். தம்பி இப்போது ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். வாரம் ஒரு தடவை வந்து, அக்கா போட்டதைச் சாப்பிட்டு, அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, திரும்பிப் போய்விடுவான். வீட்டுப் பட்டாவும் அவள் பெயரில், வீட்டுப் பேச்சும் அவள் பேச்சு. தங்கமான மனுஷிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை தங்கத்தையும் கழுத்தில் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர முடியுமா?

முனீஸ்வரியின் மகள் கோதைப்ரியா பிறந்ததிலிருந்து அத்தை மடியிலேதான் வளர்ந்தாள். அம்மா கம்பெனிக்குப் போனால் அத்தைதான் குளிப்பாட்டுவாள், அத்தைதான் தூங்க வைப்பாள். சுடலையம்மாளுக்கும் இருமல் உண்டு. "அடுப்புப் புகை" என்று சொல்லிவிட்டுத் தெருவே கேட்க இருமுவாள். அப்படித் தைரியமாக இருமுகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே சில இடங்களைக் குலுக்கல் போட்டு இலவசமாகக் கொடுப்பார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டு வரைக்கும் கவலையில்லை. இந்த வருஷம் கோதையின் பெயர் விழுந்தது. சுடலையம்மாள் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். "எங்க வம்சத்துல மொதல் டாக்டரு" என்று இட்லி வாங்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். பிள்ளைக்கு அப்போது பென்சில் பிடிக்கவே தெரியாது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் போன வருஷம் ஒரு டீச்சருக்குக் காசநோய் வந்து, பெற்றோர்கள் கூடிச் சத்தம் போட்டு, பெரிய ரகளையாகிவிட்டது. அதிலிருந்து அங்கே ஒரு விதி. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லோரும் காசநோய்க்கு ஊசி போட்டுப் பார்த்து, ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வரவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அதைக் கேட்ட அன்றைக்கு முனீஸ்வரி கம்பெனியில் சிரிக்கவே இல்லை. இரண்டு மாதமாக அவளுக்கு இருமல் விடாமல் இருந்தது. பழைய நோய் திரும்பிவிட்டது என்று அவள் தனக்குள் முடிவே கட்டியிருந்தாள். ஊசி போட்ட இடம் தடித்தால் உள்ளே கிருமி போயிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளையின் கை தடித்தால் அடுத்த கேள்வி, வீட்டில் யாருக்கு இருக்கிறது என்பதுதான். அதற்குப் பதில் தான்தான் என்று நினைத்தாள். சொன்னால் மறைத்துக் கட்டிய கல்யாணம் சந்திக்கு வரும். ஊசியே போடாமல் விட்டால் பிள்ளையின் இடம் போகும். இடம் போனாலும் பரவாயில்லை, பிள்ளைக்குள்ளே நோய் இருந்தால்? முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்பார்களே, அந்த நிலைமை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நசீமா சிஸ்டர் கோதையின் முன்கையில் ஊசி போட்டார். "கையில எதுவும் தடவக் கூடாதும்மா. சொறிய விடாதீங்க. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, பாத்துச் சொல்றேன்" என்றார். அதை அவர் முனீஸ்வரியிடம்தான் சொன்னார். பள்ளிக்கூடத்துக்காக ஊசி என்று மட்டும்தான் நாத்தனாருக்குத் தெரியும், சிஸ்டர் சொன்னதை முனீஸ்வரி வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. ஊசியைப் பற்றி வாயைத் திறந்தால் வேறு ஏதாவது சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயம்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் கோதை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரே காவி. நடுவில் ஒரு சிங்கம்.

"எம்மா, சிங்கம் பாத்தியா! வேளார் தாத்தா வரைஞ்சாரு. நாக்கு கூட இருக்கு!"

உடம்பில் சிவந்து தடித்துக் கொப்புளம் கிளம்பினால் அக்கி என்று சொல்லி, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணில் சிங்கம் எழுதிக்கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எழுதியதைக் கழுவக் கூடாது, அது தானாக உதிர வேண்டும். மத்தியானம் பிள்ளையின் கை சிவந்து வீங்கியதைச் சுடலையம்மாள் பார்த்திருக்கிறாள். அவளுக்கு வேறென்ன தோன்றும்?

"ஊசி போட்ட எடத்துல சூடு கெளம்பி அக்கி ஆயிருச்சு ஏட்டி. நல்லவேளை, நான் பாத்தேன். நாளைக்குப் பூரா தண்ணி படாமப் பாத்துக்கோ" என்றாள் சுடலையம்மாள்.

அது அக்கி இல்லை என்று முனீஸ்வரிக்குத் தெரியும். அதே இடத்தில் அதே தடிப்பைத் தன் கையில் பார்த்தவள் அவள். அப்போதே காவியைத் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. கோதையின் கையைப் பிடித்துச் சிங்கத்தின் நாக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். இத்தனை காவிக்கு அடியில் நர்ஸ் எதைப் பார்ப்பார்? பிறகு வா என்பார். மறுபடி ஊசி, மறுபடி இரண்டு நாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் அக்கி என்று சொல்லிக்கொள்ளலாம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு மூச்சு லேசாக வந்தது.

"பெத்தவ நெனைக்கிற நெனப்பாக்கா அது?" என்று பின்னால் என்னிடம் சொல்லி அழுதாள். "பிள்ளைக்கு என்னன்னு தெரியாமப் போனாப் போதும்னு சாமிய வேண்டிக்கிட்டேன். எனக்கெல்லாம் நல்ல சாவு வருமா?"

வியாழக்கிழமை மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுடலையம்மாள் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கையைப் பார்த்ததும் நசீமா சிஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிங்கத்த விட்டுருக்கீங்களா காவலுக்கு?" என்று சொல்லிக்கொண்டே பஞ்சைத் தண்ணீரில் நனைத்தார்.

முனீஸ்வரி அவசரமாக, "கழுவக் கூடாதுங்கறாவ சிஸ்டர். செவப்பு ஒண்ணும் தெரியாதுல்லா? இன்னொரு நாளைக்கு வரட்டுமா?" என்றாள்.

"செவப்பப் பாக்குறதுக்கு இல்லம்மா. தடிப்பத்தான் பாக்கணும், அதுக்கு வெரல் போதும்." சிஸ்டர் சிங்கத்தை வாலிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். விரலால் மெதுவாகத் தடவி, தடிப்பு முடிகிற இடங்களில் பேனாவால் கோடு போட்டு, சின்ன ஸ்கேலை வைத்தார். சிங்கம் போனதற்குக் கோதை ஓவென்று அழுதாள்.

"நல்லாத் தடிச்சிருக்கு" என்றார் சிஸ்டர். "பயப்படாதீங்க. கிருமி உள்ள போயிருக்குன்னுதான் அர்த்தம். நோய் இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம். வீட்டுல யாருக்காவது இருமல் இருக்கா?"

முனீஸ்வரி எழுந்து கதவைச் சாத்தினாள். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, செட்டியார்பட்டியையும் காமாலையையும் கீழாநெல்லியையும் கொட்டித் தீர்த்தாள். வெளியே தெரிந்தால் தனக்கு வீடு கிடையாது என்றாள். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க விஷயம் என்னோட இருக்கும்மா. எக்ஸ்ரே எடுங்க, சளி குடுங்க" என்றவர், சட்டென்று காதைக் கூர்மையாக்கிக் கதவுப் பக்கம் திரும்பினார். "வெளிய இருமுறது யாரு?"

சுடலையம்மாளையும் உள்ளே கூப்பிட்டுச் சளியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கும் முடிவு வந்தது. கோதைக்கு நெஞ்சு சுத்தம். நோய் வராமல் இருக்கக் கொஞ்ச மாதம் மாத்திரை தின்றால் போதும், பள்ளிக்கூடம் போகத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். முனீஸ்வரியின் நெஞ்சில் பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது. இருமல் வெறும் பஞ்சுத் தூசி. நோய் சுடலையம்மாளுக்கு.

முனீஸ்வரிக்குக் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்ததாம். யார் காலில் என்றுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சீட்டைக் கொடுத்து, பிள்ளைக்கு இடம் உறுதியாகி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கோதை முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் மாஸ்க்கோடு தள்ளி உட்கார்ந்திருந்த சுடலையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, மாத்திரை குடுக்க ஆளு வீட்டுக்கு வருவாவளாம். தெருவுல கேப்பாவ. எனக்குன்னு தெரிஞ்சா எங்கிட்ட யாரு இட்லி வாங்குவா? நான் நல்லாயிட்டேன்னு சத்தியம் பண்ணாலும் வாங்க மாட்டாவ. சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒம் பேரச் சொல்லிக்கிடுவோம். நீ கம்பெனிக்காரி, பஞ்சுல வந்துச்சுன்னு விட்டுருவாவ. தம்பிகிட்டயும் அப்படியே சொல்லிருவோம். எனக்குன்னா அவன் தாங்க மாட்டான்."

பின்னால் இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவனுக்கு அக்காவுக்கு வந்தால் தாங்காதாம், பெண்டாட்டிக்கு வந்தால் தாங்குமாம். ஆனால் முனீஸ்வரியால் என்ன சொல்ல முடியும்? முடியாது என்றால் ஏன் என்று கேட்பாள். இருக்கிற கூரை அவளுடையது. முறுக்கு தின்கிற பிள்ளையை வளர்த்த கையும் அவளுடையது. உண்மையாக வந்த நோயை இத்தனை வருஷம் மூடி வைத்தவள், வராத நோய்க்குத் தலையை ஆட்டினாள்.

"சரி மதினி" என்றாள்.

கொஞ்ச வாரத்துக்குத் தனி அறையில் இருக்க வேண்டும், பிள்ளையை அண்டவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சுடலையம்மாள் முழங்கால் வாதம் என்று சொல்லி இட்லிக் கடையை நிறுத்தினாள். பின்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுகாதாரப் பணியாளர் பெலிக்ஸ் பைக்கில் வந்து மாத்திரை கொடுத்துவிட்டு, யாருக்கு என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் போவார். அவர் சொல்லாவிட்டால் என்ன, தெருவுக்குத்தான் பெயர் கிடைத்துவிட்டதே. சமுத்திரம் வாரக் கடைசியில் வந்தால் வாசலிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டான். குழாயடியில் முனீஸ்வரி குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது.

கம்பெனிக்கும் செய்தி வந்து சேர்ந்தது. "மருத்துவத் துணி சுருட்டுற எடம். ஒண்ணுமில்லன்னு எழுதி வாங்கிட்டு வா, பொறவு பாப்போம்" என்று சூப்பர்வைசர் அவளை அனுப்பிவிட்டார். அன்றைக்கு வாசல் வரை கூடப் போனேன். அப்போதுதான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள்.

"ஏட்டி கூறுகெட்டவளே, ஒண்ணுமில்லன்னு எழுதின சீட்டு ஒங்கிட்டதான இருக்கு? கொண்டாந்து காட்டுறதுக்கு என்ன?" என்று சத்தம் போட்டேன்.

"காட்டினா, அப்ப மாத்திரை யாருக்கு வருதுன்னு கேப்பாவக்கா."

உள்ளே திரும்பி வந்து, எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு துணி சுருட்டினேன்.

பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முனீஸ்வரியே மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "அம்மாவுக்கு" என்று சொல்ல வேண்டும். கோதை நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும். பள்ளிக்கூட வேனில் வருகிற பிள்ளைகள் மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அம்மா பக்கத்தில் போகாதே, சீக்கு ஒட்டிக்கொள்ளும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைப் பார்க்க மம்சாபுரத்துக்குப் போனேன். குழாயில் தண்ணீர் வந்த நேரம், தெருவில் குடமும் பெண்களுமாகக் கூட்டம். உள்ளே சமுத்திரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முனீஸ்வரி பருப்புச் சோறு பிசைந்து, ஒரு உருண்டையை எடுத்துக் கோதையிடம் நீட்டினாள். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் நீட்டவும், எழுந்து பின்னறைக்கு ஓடிக் கதவைத் தட்டினாள்.

"அத்தை, கதவத் தொற. நான் ஒங்கூடப் படுத்துக்கிடுதேன்."

"போ தங்கம். அத்தைக்குக் காலு வலிக்கி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான் அமுக்கி விடுதேன். தொற அத்தை. அம்மாகிட்ட சீக்கு இருக்கு. அம்மா தொட்டா நான் செத்துப் போவேன்."

சமுத்திரம், "பிள்ளைய உள்ள விடுக்கா, அங்கயாவது நல்லாருக்கட்டும்" என்றான்.

முனீஸ்வரி கையில் உருண்டையோடு எழுந்து நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கதவுக்குச் சரியான தாழ்ப்பாள் கிடையாது. கோதை தோளைக் கொடுத்துத் தள்ள, கதவு கொஞ்சம் விலகியது. உள்ளேயிருந்து சுடலையம்மாள் அதைத் தள்ளி மூடினாள். பிள்ளை அழுதுகொண்டே மறுபடி தள்ளினாள்.

"வராத! எங்கிட்ட வராத ஏட்டி!" சுடலையம்மாளின் குரல் வீட்டைத் தாண்டிக் குழாயடி வரை போனது. "ஒங்கம்மாளுக்கு ஒரு எழவும் கெடையாது! எனக்குத்தாம்ட்டி சீக்கு! எனக்குத்தான்! ஒங்கம்மாகிட்டப் போ!"

அதற்குப் பிறகு இருமல். அடுப்புப் புகை என்று சொல்ல அன்றைக்கு அடுப்பே எரியவில்லை. வெளியே குடம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். சமுத்திரத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப ஒனக்கு?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவ்வளவோடு முடிந்திருக்கும். அவளுக்கு ஒளித்து ஒளித்து அலுத்துவிட்டது.

"எனக்கு வந்து போயிருச்சு. நம்ம கல்யாணத்துக்கு முந்தியே" என்றாள் முனீஸ்வரி.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீகளா?"

சமுத்திரம் இலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். கோதை மெல்ல நடந்து வந்து அம்மா முன்னால் நின்று வாயைத் திறந்தாள். கையிலிருந்த உருண்டை காய்ந்துபோயிருந்தது. முனீஸ்வரி அதைச் சட்டியில் போட்டு, நெய் விட்டு, மறுபடி பிசைந்தாள்.